1911இல் முடியாத கதை: சுமதி மொரார்ஜியும் இந்தியக் கப்பல்களும்

நான் வேலைக்குச் சேர்ந்தது 1975இல். அப்போது எனக்கு இருபது வயது. தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டைக் கார்பன் வைத்து ஐந்து பிரதி அடிக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் ஒரு எண் பிசகினாலும் பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரக்குக்காரருக்குப் பணம் வராது. காலையில் ஆபீஸ் திறந்ததும் மெட்ராஸ் பேப்பரில் வரும் கப்பல் பட்டியலை வெட்டி ஃபைலில் ஒட்டுவது என் முதல் வேலை.

ஒட்டி ஒட்டியே கப்பல்களின் குலம் கோத்திரம் பழகிவிட்டது. பெயர் 'விஷ்வ' என்று ஆரம்பித்தால் அரசாங்கத்தின் ஷிப்பிங் கார்ப்பரேஷன். 'கிளான்', 'சிட்டி ஆஃப்' என்று வந்தால் வெள்ளைக்காரக் கம்பெனி. 'ஜல' என்று ஆரம்பித்தால் சிந்தியா. தண்ணீரை ஜலம் என்று சொல்கிற வீட்டில் பிறக்காத எனக்கும் அந்தப் பெயர்கள் பிடித்துப்போயின. சிந்தியா யாருடைய கம்பெனி என்று எங்கள் தலைமைக் கிளார்க் அண்ணாச்சியிடம் ஒரு நாள் கேட்டேன்.

"பம்பாய்க் கம்பெனி தாயி. அதை நடத்துறது ஒரு பொம்பளை. சுமதி மொரார்ஜின்னு பேரு. வெள்ளைக்காரன் கப்பல் கம்பெனிக்காரன்லாம் அந்த அம்மா முன்னால உக்காந்துதான் பேசுதான்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். நான் அடித்த காகிதத்தை நானே துறைமுகத்துக்கு எடுத்துப்போக அனுமதி கிடையாது. பொம்பளைப் பிள்ளை கப்பல் ஏணி ஏறக்கூடாது என்பது எழுதாத சட்டம். கேப்டன் கையெழுத்துக்குப் பியூன்தான் போவார். கப்பல் ஏணியில் கால் வைக்க முடியாத நாட்டில் ஒரு பெண் கப்பல் கம்பெனியையே நடத்துகிறாரா? அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துச் சேர்த்தேன். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. சேர்த்ததைச் சொல்ல வேண்டிய வயது இது.

ஆனால் தூத்துக்குடிக்காரி கப்பல் கதையைப் பம்பாயிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

என் அப்பா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும். உப்பு மூட்டையை எண்ணி எண்ணி அப்பாவின் உதடு சும்மா இருக்கும்போதும் அசைந்துகொண்டே இருக்கும். அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே கதை, சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. என்ற வ.உ.சிதம்பரனார் கதை.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். வாடகைக்குக் கொடுத்தவர்களை வெள்ளைக்காரர்கள் மிரட்டிக் கப்பலைப் பிடுங்கினார்கள். சொந்தக் கப்பல் தேடி வ.உ.சி. பம்பாய் போனார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகள் போகலாம், 4,000 மூட்டை ஏற்றலாம். "நாலாயிரம் மூட்டை!" என்று அப்பா நிறுத்திச் சொல்வார். மூட்டை எண்ணியவருக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும்.

எதிரி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன். ஊரில் பி.ஐ. கம்பெனி என்பார்கள். அவர்கள் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மா வா என்றார்கள். ஏறியவருக்குக் குடையும் கொடுத்தார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாவை வாங்கியவர்கள் அதே பி.ஐ. கம்பெனிக்காரர்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. அப்பா இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கதை அங்கேதான் நிற்கும்.

அது அங்கே நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எட்டு வருஷம் கழித்து, 1919 மார்ச்சில் பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. ஆரம்பித்தவர்கள் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ். எல்லாரும் பெரும் வியாபாரிகள். குவாலியர் மகாராஜா சிந்தியாவிடமிருந்து 'லாயல்டி' என்ற பழைய கப்பலை வாங்கினார்கள். அதனால்தான் கம்பெனிக்கு அந்தப் பெயர். அது 1891இல் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல். முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரிக் கப்பலாக இருந்தது. 1919 ஏப்ரல் 5ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. மறுநாள் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு. எட்டாம் நாள் ஜாலியன்வாலாபாக் படுகொலை. அப்படி ஒரு மாதத்தில் இந்தியர் கப்பல் கடல் தாண்டிப் போயிருக்கிறது. 1964 முதல் ஏப்ரல் 5ஐ இந்த நாடு தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது.

சிந்தியாவின் எதிரியும் அதே பி.ஐ. கம்பெனிதான், தலைமையில் இஞ்ச்கேப் பிரபு. தூத்துக்குடியில் பயன்பட்ட ஆயுதமே பம்பாயிலும் வந்தது. சிந்தியா கப்பல் போகும் ரூட்டில் மட்டும் பிரெய்ட் கூலியை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். இன்னொரு ஆயுதத்தை இந்தத் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் விளக்க வேண்டும். அதற்கு 'டெஃபர்ட் ரிபேட்' என்று பெயர். நீங்கள் கட்டிய கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறோம் என்பார்கள், ஆனால் உடனே தரமாட்டார்கள். மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை வேறு கம்பெனிக் கப்பலில் சரக்கு ஏற்றினாலும் பிடித்த பணம் முழுக்கப் போச்சு. அரிசி வியாபாரிக்குச் சுதேசிப் பற்று இருக்கும். ஆனால் பிடிபட்ட பணத்தை நினைத்தால் கை நடுங்கும். சங்கிலி இல்லாமல் ஆளைக் கட்டிப்போடும் வித்தை அது.

சிந்தியாவை விலைக்கே கேட்டார் இஞ்ச்கேப். அவர்கள் விற்கவில்லை. 1923இல் பத்து வருஷ ஒப்பந்தம் ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டிவந்தது: இத்தனை டன்னுக்கு மேல் கப்பல் வைக்கக்கூடாது, கரையோர வணிகத்தைத் தாண்டக்கூடாது. சொந்த நாட்டுக் கடலில் வேலி. அதையும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். 1928இல் சிந்தியாவைச் சேர்ந்த சாராபாய் ஹாஜி, இந்தியக் கரையோர வணிகம் இந்தியக் கப்பலுக்கே என்று மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். ரிபேட் முறையை ஒழிக்கவும் ஒரு மசோதா கொண்டுவந்தார். இரண்டும் அப்போது சட்டமாகவில்லை.

வ.உ.சி.யைப் பார்த்துத்தான் பம்பாய்க்காரர்கள் ஆரம்பித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எதிரி ஒருவன், ஆயுதம் ஒன்று, கொள்கை ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். வ.உ.சி.யிடம் இல்லாத ஆழமான பணப்பெட்டி அவர்களிடம் இருந்தது. வருஷக்கணக்கில் நஷ்டம் தாங்க முடிந்தது.

அந்தப் பணம் பருத்தியில் வந்தது. நரோத்தமின் தந்தை மொரார்ஜி கோகுல்தாஸ் பம்பாயில் மில் கண்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர்கள் பாட்டியா சமூகம். கட்ச், கத்தியவார் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து வியாபாரத்தில் தழைத்த வைஷ்ணவர்கள். அதே சமூகத்தில், அதே பம்பாயில், மதுராதாஸ் கோகுல்தாஸ் என்ற இன்னொரு செல்வர் இருந்தார். அவருக்கும் பிரேமாபாய்க்கும் 1909 மார்ச் 13ஆம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே பெண். கண்ணன் விளையாடிய யமுனை நதியின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: ஜமுனா.

லாயல்டி கிளம்பியபோது அவளுக்கு வயது பத்து. அந்தக் காலத்து வழக்கப்படி சிறு வயதிலேயே, நரோத்தம் மொரார்ஜியின் ஒரே மகன் சாந்திகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் வீட்டில் பெயர் மாறியது. நல்ல புத்தி உள்ளவள் என்று பொருள்பட 'சுமதி' என்று நரோத்தமே வைத்ததாகச் சொல்வார்கள்.

மருமகளுக்குப் பெயர் வைத்த மாமனார்கள் நிறையப் பேர். அந்தப் பெயருக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நரோத்தம் கொடுத்தார். சிந்தியாவை நிர்வகித்தது நரோத்தம் மொரார்ஜி அண்ட் கம்பெனி என்ற மேனேஜிங் ஏஜென்சி. அன்றைய முறையே அதுதான்: பங்குதாரர்கள் பலராக இருப்பார்கள், அன்றாட நிர்வாகத்தை ஒரு ஏஜென்சி கையில் வைத்திருக்கும். அந்த ஏஜென்சிக்குள் சுமதி இளம் வயதிலேயே கொண்டுவரப்பட்டார். குஜராத்தி வீட்டுப் பேச்சோடு இந்தி, மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கற்றார். கல்லூரி கிடையாது. கப்பல் தொழிலை அவர் கற்றது ஆபீஸ் மேசையில்.

1929இல் நரோத்தம் காலமானார். வால்சந்த் தலைமை ஏற்றார். கம்பெனியின் மேல்மட்டத்தில் சுமதி தொடர்ந்து இருந்தார், டைரக்டர்கள் போர்டிலும் இடம் பெற்றார்.

இன்னொரு பள்ளிக்கூடமும் அவருக்கு அந்த வீட்டிலேயே கிடைத்தது. 1924இல் எரவாடா சிறைக் கைதியாக இருந்த காந்தி, பூனா ஆஸ்பத்திரியில் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து விடுதலையானபோது, உடம்பு தேற ஜுஹு கடற்கரையில் தங்கினார். தங்கியது நரோத்தம் மொரார்ஜியின் பங்களா. 1944 மே மாதம் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து வெளியே வந்தார். கஸ்தூர்பாவை அந்தச் சிறையிலேயே பறிகொடுத்து, மலேரியாவில் நைந்து போயிருந்தார். அப்போதும் போனது ஜுஹுவுக்குத்தான், சாந்திகுமார் - சுமதி வீட்டுக்கு. சுமதிக்கும் காந்திக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1942 முதல் 1946 வரை தலைமறைவுப் போராட்டத்தோடு சுமதிக்குத் தொடர்பு இருந்தது. பணக்கார வீட்டு மருமகள் செய்யும் காரியமில்லை அது. பிடிபட்டிருந்தால் இழக்க அவர்களிடம் நிறையவே இருந்தது.

1946இல் சிந்தியாவின் முழு நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. வயது 37. கீழே 6,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

எப்படிப்பட்ட நேரத்தில் வந்தது என்று பாருங்கள். போரில் கம்பெனி கப்பல்களை இழந்திருந்தது. ஹஜ் யாத்திரைக்காக ஓட்டிய 'எல் மதீனா' 1944இல் கடலுக்குள் போயிருந்தது. மறுவருஷம் சுதந்திரம், அதோடு பிரிவினை. கராச்சியிலிருந்து அகதிகளாக வந்த சிந்திகளில் பலர் கடல் வழியாகத்தான் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். நாடு பிறந்தபோது இந்தியாவிடம் இருந்த கப்பல்கள் 59, மொத்தம் 1.92 லட்சம் டன். இவ்வளவு நீளமான கடற்கரை உள்ள தேசத்துக்கு அவ்வளவுதான். அதில் பெரும்பங்கு சிந்தியாவுடையது.

விசாகப்பட்டினத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. கப்பல் வாங்கினால் போதாது, நாமே கட்ட வேண்டும் என்று வால்சந்த் அங்கே கப்பல் கட்டும் தளத்துக்கு 1941 ஜூனில் அடிக்கல் நாட்டச் செய்தார். நாட்டியவர் ராஜேந்திர பிரசாத். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் ஊரில் குண்டு போட்டன, வேலை தடைப்பட்டது. மறுபடியும் தொடங்கி, 1948 மார்ச் 14ஆம் தேதி 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கினார். 8,000 டன் கப்பல். உஷா என்றால் விடியல். 1952இல் அந்தத் தளத்தின் மூன்றில் இரண்டு பங்கை அரசு வாங்கி ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஆக்கியது. இன்றும் அங்கே கப்பல் கட்டுகிறார்கள்.

ஹாஜி 1928இல் கேட்டது 1950களின் தொடக்கத்தில் கிடைத்தது. இந்தியத் துறைமுகத்திலிருந்து இந்தியத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு இந்தியக் கப்பலில்தான் என்று ஆனது. தூத்துக்குடி உப்பு கல்கத்தாவுக்குப் போவது எங்கள் ஊரின் உயிர்நாடி. அந்த உப்பு யார் கப்பலில் போகும் என்பதை இனி லண்டன் தீர்மானிக்க முடியாது. என் அப்பா எண்ணிய மூட்டைகளுக்குப் பின்னால் இந்தச் சண்டை முழுக்க இருந்தது. அது தெரியாமலே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

1956இல் இந்தியக் கப்பல் உடைமையாளர் சங்கத்துக்குச் சுமதி தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர். அடுத்த இரண்டு வருஷமும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள், 1965இல் மறுபடியும்.

அது அலங்கார நாற்காலி இல்லை. வெளிநாட்டு ரூட்டுகளில் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டு உண்டு. எந்தக் கம்பெனி எத்தனை தடவை போகலாம், டன்னுக்கு என்ன கூலி என்று பெரிய கம்பெனிகள் கூடி முடிவு செய்யும் இடம். அதற்குள் இடம் கிடைக்காத கப்பலுக்குச் சரக்கு கிடைக்காது. இடம் பிடித்தபின், கிடைத்த பங்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் இந்த வாதம். இன்னொரு பக்கம் அரசாங்கத்திடம் கப்பல் வாங்கக் கடன், அந்நியச் செலாவணி, வரிச் சலுகை கேட்க வேண்டும். அந்த அரசாங்கமே சொந்தமாகக் கப்பல் கம்பெனி நடத்திப் போட்டியாகவும் வந்து நிற்கிறது. 1950இல் தொடங்கிய ஈஸ்டர்ன் ஷிப்பிங் கார்ப்பரேஷனைச் சிந்தியாதான் நிர்வகித்தது. 1956இல் அரசே எடுத்துக்கொண்டது. 1961இல் பிறந்த ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவின் ஒரு வேர் அது. இத்தனைக்கும் நடுவில் சுமதி காலத்தில் சிந்தியாவின் கப்பல்கள் 43 ஆயின; சரக்கு ஏற்றும் திறன் 5,52,000 டன். 1947இல் மொத்த நாட்டுக்கும் இருந்த 59 கப்பல்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

1971இல் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது. தொழில் தெரிந்த அடுத்த தலைமுறை வேண்டும் என்று, மாமனார் பெயரில் நரோத்தம் மொரார்ஜி கப்பல் தொழில் கல்வி நிறுவனம் தொடங்கினார். எங்கள் ஆபீசிலேயே ஒருவர் அதன் டிப்ளமா படித்தார். அவர் படித்து முடித்த புத்தகங்களை நான் வாங்கி வாசித்தேன். சார்ட்டர் பார்ட்டி என்றால் என்ன, டெமரேஜ் எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் டைப் அடித்த எனக்குப் புரிந்தது அந்தப் புத்தகங்களால்தான். சுமதியின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் என் ஆசிரியை அவர்.

அவர் செய்த ஒரு சிறிய காரியம், 43 கப்பல்களைவிட அதிகம் பேரைத் தொட்டிருக்கிறது. 1965இல் கிருஷ்ண பக்தரான வயோதிகச் சந்நியாசி ஒருவர் அவரிடம் வந்தார். பக்திவேதாந்த சுவாமி என்று பெயர். பாகவதத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். புத்தகம் அச்சாகச் சுமதி ஏற்கெனவே உதவியிருந்தார். இப்போது அவர் கேட்டது அமெரிக்காவுக்குச் சும்மா ஒரு பயணம். சுமதி முதலில் மறுத்தார். இந்த வயதில், அந்தக் குளிரில், ஆள் தெரியாத ஊரில் என்ன ஆவீர்கள் என்பது அவர் பயம். சுவாமி விடவில்லை. கடைசியில் 'ஜலதூதா' என்ற சரக்குக் கப்பலில் இடம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி கல்கத்தாவில் கிளம்பியது கப்பல். கொழும்பு, கொச்சி, செங்கடல், சூயஸ் வழியாகப் போனது. வழியில் சுவாமிக்கு மாரடைப்பு. கப்பலிலேயே அவருக்கு 69 வயது நிறைந்தது. செப்டம்பர் 17இல் பாஸ்டன், இரண்டு நாளில் நியூயார்க். கையில் இருந்தது நாற்பது ரூபாய். அங்கே செல்லாத இந்தியப் பணம். மறுவருஷம் நியூயார்க்கில் அவர் தொடங்கிய இயக்கம்தான் இஸ்கான். யமுனையின் பெயரோடு பிறந்த பெண் கொடுத்த கப்பலில் கண்ணன் பெயர் கடல் தாண்டியது என்று வைஷ்ணவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கடல் தாண்டினால் சாதி போகும் என்று சொல்லிவந்த சமூகத்தில், ஆசாரமான ஒரு வீட்டுப் பெண் சொந்தக் கம்பெனிக் கப்பலில் ஒரு சந்நியாசியைக் கடல் தாண்ட அனுப்பியிருக்கிறார்.

அவர் பணக்கார வீட்டில் பிறந்து பணக்கார வீட்டுக்குப் போனவர். அதனால்தான் எல்லாம் நடந்தது என்று சிலர் சொல்வார்கள். என் மகளே சொல்லியிருக்கிறாள். உண்மைதான், கதவு அவருக்காகத் திறந்தே இருந்தது. எனக்குப் பூட்டியிருந்தது. ஆனால் அதே கதவு திறந்திருந்த வீடுகளில் எத்தனை பெண்கள் நகைப் பெட்டியோடு உள்ளேயே இருந்துவிட்டார்கள்? 1946இல் முழு நிர்வாகத்தை ஏற்றவர், நாற்பது வருஷம் அந்தத் தொழிலின் சுமையைத் தலையில் வைத்திருந்தார். கான்ஃபரன்ஸ் மேசையில் எதிரே உட்கார்ந்தவன் மாமனார் பெயரைக் கேட்டு ஒரு டன் கூடக் கொடுக்கமாட்டான்.

பணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவர்களும் தேசத்துக்காகத்தான் கொடுத்தார்கள். அவர்களால் நாலைந்து வருஷம்தான் தாங்க முடிந்தது. நஷ்டத்தை ஒரு தலைமுறை தாங்கும் சக்தி செல்வர்களுக்குத்தான் உண்டு. அந்தச் சக்தியை எதற்குச் செலவழித்தார்கள் என்பதை வைத்தே அவர்களை எடைபோட வேண்டும். மொரார்ஜி குடும்பம் மில்லில் வந்த பணத்தோடு நின்றிருக்கலாம். லாபம் நிச்சயமில்லாத கடலில் போட்டார்கள். விலைக்குக் கேட்டபோது விற்கவில்லை. செல்வத்துக்கு அதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

முடிவையும் மறைக்கக்கூடாது. 1967இல் சூயஸ் மூடியது. எட்டு வருஷம் திறக்கவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. கன்டெய்னர் வந்தது. மூட்டை மூட்டையாக ஏற்றும் பழைய கப்பல்கள் துறைமுகத்தில் நாள்கணக்கில் நிற்க, பெட்டிக் கப்பல்கள் சீக்கிரமே ஏற்றிக்கொண்டு கிளம்பின. அந்த மாற்றத்தை நான் என் டைப்ரைட்டரிலேயே பார்த்தேன். மூட்டைக் கணக்கு அடித்த இடத்தில் பெட்டி நம்பர் அடிக்க ஆரம்பித்தோம். 1980களில் உலகம் முழுவதும் கப்பல் தொழில் படுத்தது. கடன் வாங்கிக் கப்பல் வாங்கிய கம்பெனிகளுக்கு வட்டி கட்டவே வருமானம் போதவில்லை. 1979 முதல் சிந்தியாவின் சேர்பெர்சனாக இருந்தவர் சுமதி. 1987இல் கடனில் மூழ்கிய கம்பெனியை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. 1992 வரை கௌரவத் தலைவர் என்ற பட்டம் மட்டும் அவரிடம் இருந்தது. 1998இல் காலமானார்.

கப்பல் பட்டியலில் 'ஜல' என்ற பெயர்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுபோயின. ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பம்பாய் பல்லார்டு எஸ்டேட்டில் சிந்தியா ஹவுஸ் என்ற கட்டடம் இருக்கிறது. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். 2018 ஜூனில் அதில் தீப்பிடித்ததாகப் பேப்பரில் செய்தி. வருமான வரித்துறை அலுவலகங்கள் இருந்த கட்டடம் என்று எழுதியிருந்தார்கள். கப்பல் கம்பெனி இருந்த கட்டடம் என்று எழுதியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

எங்கள் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அப்பாவை நினைக்கிறேன். 1911இல் நிறுத்திவிட்டு எழுந்து போனவரிடம், மிச்சக் கதையைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

அதனால் தூத்துக்குடி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வ.உ.சி. கதையைப் பிள்ளைகளுக்குத் தோல்விக் கதையாகச் சொல்லி முடிக்காதீர்கள். காலியா விலை போனதோடு நிறுத்தாதீர்கள். எட்டு வருஷத்தில் லாயல்டி கிளம்பியதைச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியை ஒரு பெண் நாற்பது ஆண்டுக்காலம் நடத்தினார், அவர் பெயர் சுமதி மொரார்ஜி என்று சொல்லுங்கள். முடிந்தால் ஏப்ரல் 5ஆம் தேதி பெண்பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், ஒரு கப்பலின் ஏணியில் ஏற்றிவிடுங்கள்.